மாப்பிள்ளைக்கு நான் வைத்த பரீட்சை

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் நெல்வயலும் கரும்பும் இருந்தன. எழுத்து வாசனை மட்டும் இல்லை. அம்மாவுக்கும் அப்படியே. அப்பாவின் கடைசித் தங்கையான சின்ன அத்தை ஐந்தாவதோடு நின்றவள். ஆகவே வீட்டில் எனக்குக் கலெக்டருக்குரிய மரியாதை கிடைத்துவந்தது. நானும் வஞ்சகமில்லாமல் அனுபவித்தேன்.

எங்கள் இங்கிலீஷ் வாத்தியாருக்கு, காதுக்கு ஒன்றுபோலக் கேட்டு அர்த்தத்தில் காலை வாரிவிடும் வார்த்தைகள் என்றால் உயிர். மற்ற பாடங்களை மறந்தால் திட்டோடு விட்டுவிடுவார். இதில் தடுமாறினால் பிரம்பை எடுப்பார். அந்தப் பயத்தில் தினமும் சாயங்காலம் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்துகொண்டு, வீக் என்றால் வாரம், இன்னொரு வீக் என்றால் பலவீனம் என்று தொண்டை கிழியக் கத்துவேன். உள்ளே அத்தை குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருப்பாள். அவள் கேட்கிறாளா இல்லையா என்று நான் கவனித்ததே இல்லை. அப்பாதான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி நின்று கேட்பார். வெள்ளைக்காரன் ஊரையெல்லாம் ஆண்டும் அர்த்தத்துக்கு ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ள வக்கில்லாமல் போய்விட்டானே என்று பரிதாபப்படுவார்.

பரிதாபம் ஒருபுறம் இருக்க, அந்தப் பாடம் அவர் மனதில் வேறொரு யோசனையைக் கிளப்பிவிட்டது. அதற்குக் காரணம் பெரிய மாமா. பெரிய அத்தையைக் கட்டியவர். படித்தவர் என்று சொல்லித்தான் அவரைக் கொண்டுவந்தார்கள். மறுவீட்டுக்கு அழைத்துப்போன அன்று, திருக்கோவிலூர் பஸ் என்று சொல்லி எல்லோரையும் சங்கராபுரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பாதி வழியில்தான், அவருக்கு பஸ்ஸின் நிறம் தெரியுமே தவிர பெயர்ப்பலகை தெரியாது என்பது வெளியானது. அன்றிலிருந்து படித்த மாப்பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே அப்பாவுக்கு உடம்பெல்லாம் எரியும்.

சின்ன அத்தைக்கு வரன்கள் வர ஆரம்பித்தன. வந்தவர்களைப் பற்றி அப்பா அவளிடம் கேட்காமல் இல்லை. "உன் இஷ்டம்ண்ணா" என்பாள். பிடித்திருக்கிறதா என்றாலும் அதேதான். பிடிக்கவில்லையா என்றாலும் அதேதான். அவள் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் அப்பா தலையைப் பிய்த்துக்கொள்வார். தலையாட்டிய பாவத்துக்கு இவளும் தப்பான பஸ்ஸில் ஏறிவிடக்கூடாதே என்று அம்மாவிடம் புலம்புவார்.

அந்த நேரத்தில்தான் எலவனாசூர்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ், சர்க்கரை ஆலையில் கரும்பு எடைபோடும் இடத்தில் கிளார்க் என்றார் தரகர். முதல் தடவை வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிடித்திருக்கிறது, பேசி முடிக்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். அப்பா ஊம் கொட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரு உன்ன அடிச்சி அடிச்சி கேக்கறாரே, அதுல மூணு மாப்பிள்ளயக் கேளு. தடுமாறிச்சின்னா, டீத் தண்ணியக் குடுத்து அனுப்பிடலாம்."

பேசி முடிக்கக் குறித்த நாளன்று நான் பெருமையில் தரையில் நடக்கவில்லை. மாப்பிள்ளையும் அவருடைய தாயாரும் தாய்மாமனும் வந்தார்கள். அதிரசமும் முறுக்கும் சாப்பிட்டு முடித்ததும், அப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். தாய்மாமன் முகம் சுருங்கிவிட்டது. பெண் கேட்டு வந்த இடத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிறீர்களா என்று எழுந்தே விட்டார். மாப்பிள்ளைதான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். கேட்கட்டும், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்கு மூக்கு நுனியில் வியர்த்திருந்தது.

நான் அடிஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றேன். அடிக்கும் உத்தேசம் இல்லை. அது இல்லாமல் எனக்குக் கேள்வி கேட்க வராது என்று தோன்றியது. முதலில் வீக். வாரம், பலவீனம் இரண்டையும் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். அடுத்து சன். சூரியன், மகன் என்றார். அப்பா மீசையைத் தடவ ஆரம்பித்தார். மூன்றாவதாக, நானே இரண்டு தடவை அடி வாங்கியிருந்த ஃப்ளவரை எடுத்தேன்.

பூ என்று உடனே வந்தது. இன்னொன்று வரவில்லை. அவர் கூரையைப் பார்த்தார், முறுக்குத் தட்டைப் பார்த்தார். நான் ஸ்கேலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாத்தியாரைப் போலவே விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். தாய்மாமன் செருமினார். அப்பாவின் கை மீசையிலிருந்து இறங்கிவிட்டது. டீக்குச் சொல்ல அம்மாவை அவர் தேடுவது எனக்குத் தெரிந்தது. பத்தாவது விரலை மடக்கப்போகும்போது மாப்பிள்ளையின் பார்வை என்னைத் தாண்டி எங்கோ போய் நின்றது.

"மாவு" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அடுப்பங்கரை வாசலில் அத்தை நின்றிருந்தாள். வலது கை மணிக்கட்டுவரை அரிசி மாவு. நெற்றி முடியை ஒதுக்குகிற பாவனையில் அந்தக் கையைத் தூக்கி வைத்திருந்தாள். அதிரசமும் முறுக்கும் காலையிலேயே சுட்டு முடித்தாகிவிட்டது. இப்போது மாவுப் பானைக்குள் கைவிட அவளுக்கு என்ன வேலை? எனக்கு ரத்தம் கொதித்தது.

"அப்பா, இது செல்லாது. அத்த காட்டிக் குடுத்துட்டா. இவுரு பாத்துச் சொல்லிட்டாரு."

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அப்பா தங்கையையே பார்த்தார். மாவு நெற்றியிலும் ஒட்டியிருந்தது. வழக்கமாக அப்பா பார்த்தால் தரையைப் பார்ப்பவள், அன்று குனியவில்லை. கையையும் மறைக்கவில்லை. கன்னமெல்லாம் சிவந்து, கண் கலங்கி, அப்படியே அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாமா?" என்றார் அப்பா. அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டரை வார்த்த சொன்னாரில்லண்ணா" என்றாள் அத்தை.

அப்பாவுக்கு என்ன ஆயிற்றோ, சிரிக்க ஆரம்பித்துவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையின் தாயாரும் சிரித்தார். நான் விடுவதாக இல்லை. வேறு வார்த்தை கேட்டால்தான் ஒப்புக்கொள்வேன் என்று ஸ்கேலை நீட்டினேன்.

"போதும், பாஸ் போட்டுடு" என்று அப்பா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "மீதிய உன் அத்தயே சொல்லிக் குடுத்துக்குவா."

இப்படி ஒரு அநியாயத்தை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பார்த்ததில்லை. பரீட்சை வைத்தவளின் பேச்சுக்கு மதிப்பில்லை; பார்த்து எழுதியவருக்குத் தாம்பூலம். கல்யாணம் வரை அத்தையோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. தலைவாரிவிட வந்தால்கூட சீப்பைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் போனேன்.

ரிஷிவந்தியம் கோயிலில் தாலி கட்டினார்கள். புறப்படும் நேரத்தில் அத்தை எல்லோரையும் விட்டுவிட்டு என்னைத் தேடிவந்து கட்டிக்கொண்டாள். என் தோளெல்லாம் நனையும்படி விம்மி விம்மி அழுதாள். அவளை அப்படிப் பார்த்ததும் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. பரீட்சையில் செய்த திருட்டு வேலைக்காகத்தான் இவ்வளவு வருந்துகிறாள் என்று புரிந்துகொண்டு, பெருந்தன்மையாக முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

"சரி வுடு அத்த. இனிமே இந்த மாதிரி செய்யாத."

அழுதுகொண்டிருந்தவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். திருந்துகிறவர்கள் இப்படியா சிரிப்பார்கள் என்று எனக்கு வருத்தமாக இருந்தது.