பூட்டுப் போட்ட தாய்மார் வீடு

அவர் மொன்றியலுக்கு வருகிறார் என்ற செய்தி எனக்கு வேலையிடத்தில்தான் கிடைத்தது. டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டுகள் அடுக்கும் கூடம். பக்கத்தில் நின்ற அக்கா கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இஞ்சை பாரும், உங்கட பக்கம் வேலை செய்த ஆளாம். புரோசார்ட்டிலை கூட்டம் வைக்கினம்," என்றார். படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. கீழே, 'மக்களே முன்னெடுத்த சுகாதாரப் பணி' என்று எழுதியிருந்தது.

இந்த ஆளை ஒரு நாள் நாலு பேருக்கு முன்னால் சந்திக்க வேண்டும் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தவள் நான். தனியாகச் சந்திப்பதில் எனக்கு விருப்பமில்லை. நாலு பேர் வேண்டும்.

வன்னியில், காட்டோரத்தில் எங்கள் ஊர். மீள்குடியேறியபோது முப்பது நாற்பது குடும்பங்கள் இருந்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக ஆற்றைக் கடக்க வேண்டும். பாலம் இல்லை. ஆற்றின் குறுக்கே தரையோடு தரையாக ஒரு சீமெந்துப் பாதை மட்டும். மாரியில் அது தண்ணீருக்குள் போய்விடும். நான் அங்கே சுகாதாரத் தொண்டர். குழந்தைகளை நிறுப்பது, கிணறுகளுக்கு மருந்து போடுவது, கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு அனுப்புவது என் வேலை. மாதர் சங்கத்தின் செயலாளர் என் சிநேகிதி. முதல் மாரியில் ஒரு பெண்ணை ட்ராக்டர் பெட்டியில் ஏற்றி ஆற்றைக் கடந்தபோது பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு அவள்தான் சொன்னாள்.

"தண்ணி வந்தாப் பிறகு ஏன் கடப்பான்? முதலே அக்கரையிலை கொண்டுபோய் இருத்துவம்."

அக்கரையில், தார் வீதிக்குப் பக்கத்தில், நாங்களே மண் குழைத்துச் சுவர் வைத்துக் கிடுகு வேய்ந்தோம். எட்டு மாதமான பெண்கள் மழைக்கு முன்னரே அங்கே போய்விடுவார்கள். துணைக்கும் சமையலுக்கும் முறை வைத்து ஒருத்தி கூட இருப்பாள். வலி வந்தால் ஓட்டோவில் அரை மணித்தியாலம். தாய்மார் வீடு என்று அதற்குப் பெயர் வந்துவிட்டது. மூன்று மாரி கழிந்தது; ஒருத்தியையும் நாங்கள் இழக்கவில்லை. எங்களுக்கு இதை எவரும் படிப்பிக்கவில்லை.

பிறகுதான் அவர் வந்தார். ஓர் உதவி நிறுவனத்தின் திட்ட இணைப்பாளர். மண் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். "கல்வீடாக் கட்டித் தாறம்," என்றார். எங்களுக்குச் சந்தோஷம். புது வீடு ஓட்டுக் கூரையோடு எழும்பியதும், பக்கத்தில் மண் வீடு நின்றால் படத்துக்கு அழகில்லை என்று அதை இடிக்கச் சொன்னார். இடித்தோம். புது வீட்டுக்குப் பூட்டுப் போட்டார். வெளிநாட்டு விருந்தினர் வந்து நாடா வெட்டும்வரை ஒருவரும் உள்ளே போகக்கூடாது. சாவியைத் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

அந்த நேரம் என் சிநேகிதிக்கே எட்டு மாதம் முடிந்திருந்தது. நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"சேர், மழை இருட்டிக்கொண்டு வருது. ஒரு அறையை மட்டும் எண்டாலும் திறந்து விடுங்கோ."

"தங்கச்சி, புதுப் பெயின்ற். ஆக்கள் புழங்கினா ஊத்தையாப் போயிடும். ரெண்டு கிழமை பொறுங்கோ."

மழை பொறுக்கவில்லை. ஒரு காலையில் அவளுக்கு வலி எடுத்தபோது ஆறு கரை மீறி ஓடிக்கொண்டிருந்தது. ட்ராக்டர் பாதி வழி போய், சில்லு வழுக்கித் திரும்பி வந்தது. கரையில் நின்ற பெட்டிக்குள்ளேயே பிள்ளை பிறந்தது. பிள்ளை அழுதது. இரத்தம் நிற்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்தேன். அக்கரையில் அந்தப் புது ஓட்டுக் கூரை மழைக்குள் சிவப்பாகத் தெரிந்துகொண்டே இருந்தது. மத்தியானத்துக்கு முன் அவள் போய்விட்டாள். அவளுடைய புருஷன் குடையை அவள் முகத்துக்கு மேலே பிடித்தபடி வெகுநேரம் நின்றார்.

ஒரு வாரத்தில் திட்ட இணைப்பாளர் அறிக்கையோடு வந்தார். 'கிராமத்தவரின் விழிப்புணர்வின்மையால் தாமதமாகக் கொண்டுவரப்பட்டு' என்று அதில் இருந்தது.

"இதிலை ஒப்பம் வையும். இல்லாட்டிக் கட்டடத்தை வேறை ஊருக்குக் குடுத்திடுவாங்கள்."

வைத்தேன். விழாவில் கத்தரிக்கோல் தட்டை ஏந்தி நின்றதும் நான்தான்.

பிறகு கலியாணமாகி இங்கே வந்தேன். புருஷனுக்கு எல்லாம் தெரியும். கூட்டத்துக்குப் போகப் போகிறேன் என்றதும், "பழசைக் கிண்டி என்ன வரப்போகுது, விடுமன்," என்றார்.

"அந்தாள் தலை குனியிறதை நான் பாக்க வேணும்."

சனிக்கிழமை புருஷன் தானும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். ஊரில் இப்போது மாதர் சங்கத் தலைவியாக இருப்பவளுக்கும் முதல்நாளே சொல்லியிருந்தேன். "எங்களுக்காகவும் கேளுங்கோ அக்கா," என்றாள்.

மண்டபம் நிறைந்த சனம். ரோல்ஸும் தேநீரும் கொடுத்தார்கள். அவர் திரையில் படங்களைக் காட்டினார். மண் வீடு வந்தது. அது தன் முதற்கட்டத் திட்டமாம். தட்டோடு நான் நிற்கும் படமும் வந்தது. "இந்தப் பெண்களுக்கு நாங்கள் அடியிலிருந்து சொல்லிக் குடுத்தம்," என்றார். முன்னால் இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன்.

"சேர், அந்த வீடு கட்டி முடிஞ்சு எத்தினை நாள் பூட்டிக் கிடந்தது?"

அவர் சிரித்தார். "நிர்வாக நடைமுறையள் இருக்குத்தானே."

"அந்த நாளுக்குள்ளை ஒரு பிள்ளைத்தாச்சி செத்தவ. இந்த யோசனையைச் சொன்னதே அவதான். நீங்கள் அவவைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கேல்லை. தட்டோடை அந்தப் படத்திலை நிக்கிறது நான்."

அவர் திரையைப் பார்த்தார், பிறகு என்னை. சிரிப்புக் கழன்றது. "அது துக்கமான சம்பவம். ஆக்கள் நேரத்துக்குக் கொண்டு வரேல்லை."

"அந்தப் பூட்டின்ர திறப்பு ஆரிட்டை இருந்தது?"

"தங்கச்சி, அவ்வளவு அவசரமெண்டா நீங்கள் பூட்டை உடைச்சிருக்கலாமே?"

மண்டபம் என் பக்கம் திரும்பியது. இந்தக் கேள்வியை நானே என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதனால் குரல் நடுங்கவில்லை.

"உடைச்சிருக்க வேணும் சேர். உங்களுக்குப் பயத்திலை உடைக்கேல்லை. நீங்கள் சொன்ன பொய்யிலை ஒப்பமும் வைச்சனான். அது என்ர பிழை, இத்தினை பேருக்கு முன்னாலை சொல்லிப்போட்டன். இப்ப உங்கட பிழையை நீங்கள் சொல்லுங்கோ."

கூட்டத்தை ஒழுங்கு செய்த தம்பி ஓடி வந்தார். "அக்கா, நேரம் போட்டுது. பேந்து தனியாக் கதைக்கலாம்."

"தனியாக் கதைக்க நான் வரேல்லைத் தம்பி."

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்தார். சென்னையிலிருந்து வந்து இங்கே பல காலம் பிரசவம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர். "அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார். சாவி யாருகிட்ட இருந்துச்சு?"

அவர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். "என்னட்டைத்தான்," என்றார். ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டது. தலை குனிந்தது. நான் கண்ணெடுக்காமல் பார்த்தேன். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே இனித்தது.

பழசைக் கிண்ட வேண்டாம் என்ற என் புருஷன் முழுவதையும் கைபேசியில் பதிந்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்ற முன் அதை ஊருக்கு அனுப்பினேன். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது. அடுத்த கிழமை வேறு நகரத்தில் அவருக்கு வைத்திருந்த கூட்டம் நடக்கவில்லை. இங்கே அவரை ஆலோசகராகப் போடவிருந்த சங்கமும் கைவிட்டது. இப்போது அந்த டாக்டர் அம்மா ஊர்ப் பெண்களோடு தொலைபேசியில் நேரே கதைக்கிறார். பெண்கள் கூட்டம் போட்டு, இணைப்பாளரின் பெயர் பொறித்த கல்லைத் தாய்மார் வீட்டுச் சுவரிலிருந்து பெயர்த்துக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டார்கள். படம் அனுப்பினார்கள். சவர்க்கார நுரைக்குள் அவருடைய பெயரில் பாதி தெரிந்தது.

பிறகு அவர், என்னிடம் மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வரலாமா என்று, கூட்டத்தை ஒழுங்கு செய்த தம்பி மூலம் கேட்டனுப்பினார். ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று புருஷன் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"வர வேண்டாம் தம்பி. அந்த அறிக்கையைத் திருத்தி எழுதி, தன்ர ஒப்பத்தோடை செத்துப்போன அவவின்ர வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கோ."

இன்னும் அனுப்பவில்லை. ஒவ்வொரு மாதமும் தம்பிக்கு எடுத்துக் கேட்கிறேன். இப்போது என் இலக்கத்தைக் கண்டால் தம்பி எடுப்பதில்லை. புருஷனின் தொலைபேசியிலிருந்து எடுக்கிறேன்.