மாப்பிள்ளை வண்டியின் செயின்

எனக்கு அழுக்கு ஆகாது. விவரம் தெரிந்த நாளிலிருந்து இடுப்பு வளைகிற வரைக்கும் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரியவள் நான். நான் வாரிய குவியலில் சேறு இருந்தது என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. பாத்தியின் அடிமண் கலங்காமல் பலகையை இழுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கை எனக்கு இருந்தது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் என் மகளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பெருமுக்கல் பக்கத்திலிருந்து வருவார். வண்டி தெருமுனை திரும்பும்போதே செயின் சத்தம் கேட்கும். தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி ஒரு கறகறப்பு. கல்யாணத்துக்கு நாங்கள் சீராகக் கொடுத்த பைக் அது. கொடுத்தபோது செயின் புதுக் கொலுசு மாதிரி மின்னியது.

அவருக்கு வேலை, உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றுவதைக் கூட இருந்து பார்ப்பது. வண்டி நாள் முழுக்க வரப்பில் நிற்கும். சேறு பட்டால் பாத்திக்கு மோட்டார் இறைக்கிற தண்ணீரிலேயே கழுவிவிடுவார். அது காய்ந்தால் உப்பாகிற தண்ணீர். மண்வெட்டியை அதில் அலசி வைத்தால் மறுநாளே துரு பூத்துவிடும். உப்பளத்தில் சம்பாதித்துத் தின்கிற மனிதருக்கு இது தெரியவில்லை. துரு ஏறிய பிறகு வைத்தியம் வேறு செய்வார். லாரியில் வடித்த பழைய ஆயிலைத் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து, துடைக்காமல் கொள்ளாமல் துருவின் மேலேயே ஊற்றுவார். அதில் மணல் ஒட்டும். அந்த மணலுக்கு மேல் மறுபடியும் ஆயில். கடைசியில் செயின் என்று அடையாளம் சொல்ல முடியாது. கறுப்புக் களி பூசிய கம்பளிப்பூச்சி ஒன்று சக்கரத்தைச் சுற்றி ஊர்கிற மாதிரி இருக்கும்.

இந்த அபிஷேகம் எல்லாம் என் வாசலில்தான். முடிந்ததும் நான் சுண்ணாம்பு அடித்த சுவரில் கையைத் துடைப்பார். கழுவினேன் என்று பேர் பண்ணிவிட்டு இலைக்கு முன்னால் உட்காருவார். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருக்கும். அந்த விரலால் சோற்றையும் மீன் குழம்பையும் பிசைந்து, விரலை வழித்து நக்குவார். அவர் வருகிற நாளில் நான் சாயங்காலம்தான் சாப்பிடுவேன்.

எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளையிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை. எதுவானாலும் மகள் வழியாகப் போகவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளைத்தான் அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

“ஏண்டி, உங்க வூட்டுக்காரரை அந்தச் செயினக் கழுவச் சொல்லு. திண்டிவனம் ரோட்டுல லாரிங்க எப்படி வருது. நடுவுல அறுந்துதுன்னா நீதான் கீழ கெடப்ப.”

“சொன்னா கோவம் வருதும்மா. வண்டியப் பத்தி பொம்பளைக்கு என்னா தெரியும்ங்கிறாரு.”

“துருவப் பத்தி எங்கம்மாவுக்குத் தெரியும்னு சொல்லு.”

சிரித்தாள். முழங்கையில் துணி சுற்றியிருந்தது. குளிக்கிற இடத்தில் வழுக்கிவிட்டது என்று வந்தவுடனேயே சொல்லியிருந்தாள்.

அவர் சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் படுத்தார். வண்டி, அவர் ஆயில் ஊற்ற நிறுத்திய பெரிய ஸ்டாண்டிலேயே நின்றது. நான் கொட்டாங்கச்சியில் டீசல் எடுத்துக்கொண்டேன்; பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, கந்தல் துணி. கூனிமேட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மெக்கானிக் பாய் செயின் கழுவுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அழுக்கை எடுத்துத் துடைத்து, காய்ந்த பிறகுதான் புது ஆயிலைச் சொட்டு சொட்டாக விடுவார். அதில் ஒரு வித்தையும் இல்லை. மனசு வேண்டும், அவ்வளவுதான்.

சக்கரத்தைக் கையால் உருட்டி உருட்டித் தேய்த்தேன். கட்டி கட்டியாக வந்தது. மணல், துரு, செத்த பூச்சி, நீள முடி. டீசலோடு சேர்ந்து மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. சேற்றில் நின்றவள்தான் நான். ஆனால் சேறு கழுவினால் போகும். இது தோலுக்குள்ளேயே இறங்குகிற அழுக்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தேய்த்தேன்.

பின்னால் இருக்கிற பல்சக்கரத்தில் பிரஷ் மாட்டியது. கயிறு மாதிரி ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. குச்சியால் நெம்பி இழுத்தேன். ஒரு முழத்துக்குத் துணி வந்தது. டீசலில் அலசினேன். கிளிப்பச்சை, மஞ்சள் கரை. பொங்கலுக்கு நான் மகளுக்கு எடுத்துக் கொடுத்த சேலை.

அப்போதுதான் வண்டியை ஒழுங்காகப் பார்த்தேன். சேலை மாட்டாமல் இருக்கச் சக்கரத்தோரம் வைத்திருந்த கம்பித் தடுப்பைக் காணோம். செயினின் மேல்பக்கத்தை மூடியிருந்த தகரத்தையும் காணோம்.

மகளைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டினேன்.

“முந்தானை மாட்டிக்கிச்சும்மா. கீழ உழுந்துட்டேன். பின்னால லாரி வரல, நல்ல வேளை.”

“வழுக்கிச்சுன்னியே.”

“நீ அவரத் தப்பா நெனச்சிக்குவன்னுதான்.”

“தகரம் எங்க?”

“ஸ்டைலா இல்லன்னு கழட்டிட்டாரு.”

சத்தம் கேட்டு அவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்: “உங்கம்மா எதுக்கு வண்டில கை வைக்குது?”

அவள் வாய் திறப்பதற்குள் நான் பேசிவிட்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அதுதான் அவரிடம் என் முதல் பேச்சு.

“மாப்ள, இங்க பாருங்க. இது என்னா?”

“அது வந்து அத்த, அவ பின்னு குத்தாம உக்காந்துட்டா. முந்தானைய அவதான புடிச்சிக்கணும்.”

“ஒரு கையில பையி, ஒரு கையில உங்க தோளு. முந்தானையப் புடிக்க மூணாவது கை எங்க வூட்டுச் சீர்ல வரலியே மாப்ள.”

தன் வாசலில் நின்று கேட்ட எதிர்வீட்டுக்காரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவருக்கு முகம் கறுத்தது.

“தகரமும் கம்பியும் மாட்டுங்க. செயினக் கழுவுங்க. அதுக்கப்புறம் எம்பொண்ணு உங்க பின்னால உக்காரும். அது வரைக்கும் பஸ்ஸுல வரும்.”

“ஊர்ல என்னா பேசுவாங்க அத்த?”

“மாமியாக்காரி வாயத் தொறந்துட்டாம்பாங்க. பேசட்டும்.”

அவர் தனியாகப் போனார். பாதிச் செயின் கழுவியது, பாதி கழுவாதது. விட்டு விட்டுக் கறகறத்துக்கொண்டே போனது. மகளை நானே பஸ் ஏற்றிவிட்டேன். என்மேல் அவளுக்குக் கோபம். ஜன்னலோரம் உட்கார்ந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தும் என் கையில் அந்த நாற்றம் போகவில்லை. அன்றைக்குச் சாயங்காலமும் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸில் வந்தாள். அதற்கடுத்த வாரம் இரண்டு பேரும் வண்டியில் வந்தார்கள். கறகறப்பு இல்லை. தகரமும் கம்பியும் பழையபடி இருந்தன. அவர் என்னிடம் பேசவில்லை. முன்பும் பேசியதில்லை, அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கையை மட்டும் அதே சுவரில்தான் துடைத்தார்.

புறப்படும்போது மகள் ஏறுவதற்கு முன்னால் நான் குனிந்து, தகரத்துக்கு அடியில் விரலை விட்டுச் செயினைத் தொட்டுப் பார்த்தேன். அவர் முன்னால் பார்த்தபடி எஞ்சினை உறுமவிட்டார். மணல் தட்டுப்படவில்லை. விரல் மட்டும் கறுத்து வந்தது. அருவருப்பாகத்தான் இருந்தது. கந்தலில் துடைத்துக்கொண்டு, “ஏறு” என்றேன்.