பன்னிரண்டாவது போத்தல்

வத்தேகம சந்தையில் மீன் வெட்டும் ஸமீம் நானாவுக்கு வாய் குறைவு. விலை கேட்டால் விரலைக் காட்டுவார். பேரம் பேசினால் கத்தியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனிடம் போய் அனுஷியா ஒரு வருஷ வேலையை ஒப்படைத்தாள் என்றால் அவள் துணிச்சலை என்னவென்று சொல்ல!

அவள் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். குளத்துக் கெண்டையின் சினைப்பை மாதாமாதம் எப்படிப் பருக்கிறது, எப்படிச் சுருங்குகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் இருபது பெட்டைக் கெண்டையின் சினைப்பையைக் கிழியாமல் எடுத்து, அவள் தந்த போத்தலில் போட்டு வைக்க வேண்டும். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு போத்தல். ஒன்று தவறினாலும் வருஷமே வீண். "அமானிதம்" என்றார் நானா. அடுத்தவர் நம்பித் தந்ததைக் காத்துக் கொடுக்கும் பொறுப்பு அது. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் அவர் வரைக்கும் பேச்சு முடிந்தது.

ஜனவரியில் சினைப்பை நூல் போலக் கிடந்தது. ஏப்ரல் மழைக்கு மஞ்சள் பிடித்து விரல் தடிப்பானது, ஜூனில் வற்றியது, செப்டெம்பரில் கொஞ்சம் தலையெடுத்தது. ஒக்டோபரில் வயிறு முட்ட நிறைந்திருக்க வேண்டும். பார்த்தால், போத்தலில் மறுபடியும் நூல்.

அனுஷியா போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். சந்தையில் சினைக்கு எவ்வளவு அடிபிடி என்று அவளுக்குத் தெரியும். நல்லதை விற்றுவிட்டுக் குட்டி மீனின் பையைப் போட்டுவிட்டாரோ? எதையும் மனதில் பூட்டி வைக்கத் தெரியாதவள், கேட்டேவிட்டாள்.

"நானா, சினைய வேற யாருக்கும் குடுத்தீங்களா?"

கத்தி நின்றது.

"மழ இல்லயே மிஸ். மீன் வகுத்துல ஒண்ணும் இல்ல" என்றார். அடுத்த மீனை எடுத்துக்கொண்டார்.

சந்தேகம் ஒட்டிக்கொண்டால் லேசில் விடுமா? வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, அலவத்துகொடையில் இருந்த அவர் வீட்டுக்கே போய்விட்டாள். வெறும் போத்தல் கொடுக்க வந்தேன் என்பது சாக்கு.

அவர் மனைவி அபீபாவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. கதிரையைத் துடைத்து உட்கார வைத்து, பிளேன்டீ தந்தாள். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்து, கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே ஒன்று கேட்டாள்.

"மிஸ்ஸுட படிப்பு எப்ப முடியும்? எனக்கு மீன் சினை எண்டா உசிரு. உங்களுக்கு எடுக்கத் தொடங்கின நாள்ல இருந்து அவர் ஒரு துண்டு ஊட்டுக்குக் கொண்டு வாறதில்ல. கலந்துட்டா அமானிதம் கெட்டுப் போயிருமாம்."

அனுஷியா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். பத்து மாதமாகக் கட்டினவளின் ஆசைக்குக்கூட வளையாத கையையா சந்தேகப்பட்டோம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒக்டோபர் நடுவில் மழை பிடித்தது. நவம்பர் போத்தலில் சினை செம்மஞ்சளாக, மூடி மூட இடமில்லாமல் நிறைந்திருந்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்க நானா" என்றாள்.

அன்றைக்கு அவள் தன் சமையலுக்கென்று இரண்டு பெரிய கெண்டை வாங்கினாள். சினையைத் தனியாகச் சுற்றச் சொல்லி, அவரிடமே நீட்டினாள்.

"இது ஆராய்ச்சிக்கு இல்ல, நான் வாங்கினது. அக்காவுக்குக் கொண்டு போங்க."

நானா பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். அந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு அதைப் பத்திரமாக அவள் பைக்குள்ளேயே திருப்பி வைத்தார்.

"இன்னும் ஒரு போத்தல் ஈக்குது மிஸ்."