548, அப்புறம் 402

நானும் என் வீட்டுக்காரரும் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறோம். அவர் தீவனம் போடுவார். நான் முட்டை பொறுக்குவேன். எட்டாவது வரை படித்தேன்.

மகள் நீட் பரீட்சைக்கு ஒரு கோச்சிங் சென்டர் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை சீட்டு கிடைக்கவில்லை. இது இரண்டாவது தடவை. மூன்றாவது கிடையாது என்று அவளே சொல்லிவிட்டாள். ஞாயிறுதோறும் மாதிரிப் பரீட்சை வைப்பார்கள். திங்கட்கிழமை என் போனுக்கு மார்க் வரும். மொத்தம் எழுநூற்று இருபது. ஐந்நூறைத் தாண்டினால் நம்பிக்கை வைக்கலாம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

520 வந்தது. அடுத்த வாரம் 431. அதற்கடுத்து 548. அப்புறம் 402.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஷெட்டில் முட்டை குறைந்தால் காரணம் இருக்கும். தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும். வெயில் ஏறியிருக்கும். நாய் புகுந்து மிரட்டியிருக்கும். கண்டுபிடித்துச் சரி செய்தால் சில நாளில் பழையபடி ஆகிவிடும். வாசலில் தொங்கும் அட்டையில் தினமும் எண்ணிக்கை எழுதுவோம். அதே மாதிரி வெற்று அட்டை ஒன்றை எடுத்து வந்து, மகளின் மார்க்கை எழுதி எங்கள் ரூமில் மாட்டினேன். காரணம் தேடினேன்.

போனில் கேட்டேன். "பரீட்சைக்கு முந்தின நாளு என்ன சாமி சாப்புட்ட?"

"சப்பாத்தி."

"548 வந்தப்ப?"

"அப்பவும் சப்பாத்திதாம்மா."

"தண்ணி மாத்திக் குடிச்சயா?"

"ஏம்மா, என்னையும் கூண்டுல போட்டுட்டயா?"

"காத்து வர்ற எடத்துல படுக்கறயா?" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

வார்டனிடம் பேசி அவளை ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார்கள். 533 வந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அதே கட்டில், 417.

அந்தச் சமயம் பண்ணை சூப்பர்வைசர் ஒரு சேதி சொன்னார். அவருக்குத் தெரிந்த நர்சிங் கல்லூரியில் ஓர் இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்றார். சேர்ந்தால் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு வேறு எங்கும் போக முடியாது.

மகளிடம் சொன்னேன்.

"நீயே சொல்லும்மா. நான் 548ஆ, 402ஆ? எனக்கே தெரீல. தெரிஞ்ச கேள்வியத் தப்பாப் போடறேன். தெரியாதது சரியா வருது."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ஒரு வாரம் டாக்டரு, ஒரு வாரம் நர்சு. ரெண்டு பேரும் ஊசிதான போடறாங்க" என்றார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் நாலாவது வரிசையில் ஒரு கூண்டுக் கம்பியில் சிவப்பு நூல் கட்டினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பல வருஷமாக முட்டை எடுக்கிறேன். ஒரு கூண்டை மட்டும் தனியாகப் பார்த்ததில்லை. அதில் நாலு கோழிகள். முதல் நாள் நாலு முட்டை. அடுத்த நாள் இரண்டு. பிறகு நாலு. மூன்று. மறுபடி இரண்டு.

அவர் நூலைப் பார்த்துவிட்டார். "ஏம்புள்ள, கூண்டுக்குப் பரீட்சை வெச்சிருக்கறயா?"

"ஆமாங்க."

"பாஸா?"

"தெரீலீங்க."

அதே தீவனம், அதே தண்ணீர். வாசல் அட்டையில் ஷெட்டின் எண்ணிக்கை அசையவே இல்லை. அந்த ஒரு கூண்டு மட்டும் ஏறி இறங்கியது. ஒருவேளை எல்லாக் கூண்டும் அப்படித்தான் இருக்கும். மொத்த ஷெட்டைப் பார்த்துப் பழகிய கண்ணால் ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அதற்காக அவள் பாஸாகிவிடுவாள் என்று ஆகாது. நாளைக்கு அந்தக் கூண்டில் எத்தனை கிடக்கும் என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசரிடம் வேண்டாம் என்றேன்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களாக்கா?"

"யோசிச்சேனுங்க. வெளங்குல. புள்ள பரீட்சையே எழுதட்டும்."

மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"எந்த மார்க்க வெச்சும்மா சொன்ன?"

"எதையும் வெச்சு இல்ல, சாமி."

அவள் அழுதாளா என்று போனில் தெரியவில்லை. சரி என்றாள்.

திங்கட்கிழமை மார்க் வந்தது. 398. அதுவரை வந்ததிலேயே குறைவு. நர்சிங் இடத்துக்கு வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. அட்டையில் எழுதிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். என்ன சாப்பிட்டாள் என்று கேட்கவில்லை.

"ஜன்னல்கிட்ட கொசு கடிக்குதும்மா. பழைய கட்டிலுக்கே போயிக்கட்டுமா?"

"போயிக்க" என்றேன்.

பரீட்சைக்கு இன்னும் மூன்று ஞாயிறு இருந்தது.