ஐஸ் வைத்து அனுப்பிய சீசா

புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கும் ரெங்கராஜுக்குத் தன் கைமேல் அபார நம்பிக்கை. பதினாலு வருஷத்தில் தான் சோதனைக்காக வெளியூருக்கு அனுப்பிய ரத்தச் சீசா ஒன்றுகூடக் கெட்டதில்லை என்பார். 1967 சித்திரை வரைக்கும் அதைக் கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அந்தச் சித்திரையில்தான் வல்லத்திராக்கோட்டை மூக்காயி ஈறெல்லாம் ரத்தம் கசிய வந்து படுத்தாள். மைக்ராஸ்கோப்பில் அவள் ரத்தத்தில் முதிராத வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்ததை முதலில் கண்டவர் ரெங்கராஜ். ரத்தப் புற்று, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூக்காயிக்கு அதுகூடப் பெரிதில்லை. மகள் அமராவதிக்குப் பரிசம் போட்ட வீட்டார், "ரத்தத்துல உள்ள சீக்கு, வம்சத்துக்கே வருமாம்ல" என்று பின்வாங்கியதுதான் அவளை அரித்தது. வராது என்று டாக்டர் கையெழுத்தில் ஒரு காகிதம் கொண்டுவந்தால் பார்ப்போம் என்றார்கள்.

அதற்கும் வழி இருந்தது. மதராஸில் ஒரு டாக்டர் அணுக்களுக்குள் இருக்கும் குரோமோசோம் என்ற இழைகளைச் சோதித்து வந்தார். எலும்பு மஜ்ஜையில் மட்டும் கோளாறு இருந்து, தோலில் சரியாக இருந்தால், அது பிறவியில் வந்ததல்ல என்று எழுதித் தருவார். ஆனால் அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். ஐஸ் வைக்கக் கூடாது என்று கடிதத்தில் அடிக்கோடே போட்டிருந்தார்.

ரெங்கராஜ் படித்துவிட்டுச் சிரித்தார். "மதராஸ்ல ஃபேனுக்கடியில இருக்கறவருக்கு நம்மூரு வெயில் என்ன தெரியும்? ஆத்தா அமராவதி, ஓடிப்போயி ஐஸும் ஒரு கை கல்லுப்பும் வாங்கியா."

அவள் சாக்கில் சுமந்து, சேலையெல்லாம் நனைய வந்தாள். ஐஸ் இன்னும் குளிர உப்பும், கரையாமலிருக்க மரத்தூளும் போட்டு, மூக்காயியின் மஜ்ஜையும் தோல் துணுக்கும் அடைத்த சீசாக்களை நடுவில் வைத்துக் கச்சிதமாகக் கட்டி ரயிலேற்றினார், மகா கெட்டிக்காரர்.

எட்டாம் நாள் பதில் வந்தது. உறைந்துபோய் அணுக்கள் செத்துவிட்டன, மறுபடி அனுப்பவும். மூக்காயி கண்ணை மூடி அன்றைக்கு மூன்றாம் நாள். மறுபடி அனுப்ப ஆள் ஏது?

அமராவதி வந்து கேட்டபோது, "கெட்டுப்போச்சாம்" என்று மட்டும் சொன்னார். எதனால் என்று எழுதியிருந்த கடிதத்தை மடித்து மேஜைக்குள் தள்ளினார்.

கொஞ்ச நாளில் அவளே ஒரு மதியம் வந்தாள். "பரிசச் சேலையத் திருப்பிக் குடுத்துட்டு வாரேன்யா. நீங்க என்ன செய்வீங்க? ஐஸெல்லாம் வச்சு அம்புட்டுப் பத்திரமா அனுப்புனீங்க. அங்கிட்டு யாரோ பாழாக்கிட்டாங்க."

சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். ரெங்கராஜும் பதிலுக்குக் கும்பிட்டார்.