சம்பந்திக்குப் போன விதைக் கதிர்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டுக்காரரிடம் நான் பேசவில்லை. இதை எழுதும்போதும் பேசவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள் — சோளக் கதிர்!

எங்கள் ஊரான கணபதியில், வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. அதில் இந்த வருஷம் ஸ்வீட் கார்ன் போட்டேன். கடையில் விற்கும் ஹைபிரிட் அல்ல; தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துப் போட்டு வந்த பழைய ரகம். தோழி ஒருத்தி ஒரு கைப்பிடி விதை கொடுத்தாள். சோளத்தை அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் மணி பிடிக்காது, கூட்டமாக நட வேண்டும். அதனால் மொத்தத்தையும் நட்டுவிட்டேன். கையிருப்பு பூஜ்யம்.

விளைந்ததை இளசாகப் பறித்து அவித்துத் தின்றோம். என்ன ருசி! இருப்பதிலேயே பெரிய கதிர்களை மட்டும் சிவப்பு நாடா கட்டிச் செடியிலேயே முற்றவிட்டேன். அடுத்த தடவைக்கு விதை வேண்டாமா?

ஞாயிறன்று மகளின் மாமனாரும் மாமியாரும் காங்கேயத்திலிருந்து வந்தார்கள். விருந்து முடிந்து அவர்கள் கிளம்பிய பின் தோட்டத்துக்குப் போனால்... ஒரு நாடாகூட இல்லை.

"ஏனுங்க, நாடா கட்டுன கதிரெல்லாம் எங்கீங்க?"

"சம்பந்திக்குக் குடுத்துட்டேன் அம்மணி. நல்ல கதிராப் பாத்து நீயேதான கட்டி வெச்சிருந்த!"

கேட்டீர்களா? விருந்தாளிக்கு நல்லதாகப் பொறுக்கிக் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விதைக்கும் அதே நல்லதுதானே வேண்டும்? இப்படி விதையையும் சேர்த்து வாரிக் கொடுத்துவிட்டு, "நாட்டு ரகமெல்லாம் அழிஞ்சுபோச்சுங்க" என்று மேடை போட்டு உச்சுக்கொட்டுகிறோம். பற்றிக்கொண்டு வருகிறது எனக்கு!

திருப்பிக் கேட்கலாம் என்றால் பெண்ணைக் கொடுத்த இடம். மென்று விழுங்கிப் பார்த்தேன், முடியவில்லை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, அந்தக் கதிர அவிச்சுப்போட்டீங்களா?"

"ஒண்ண அவிச்சுப் பாத்தமுங்க. பல்லே எறங்கலீங்க, ஒரே முத்தல். ஆசையாக் குடுத்தீங்க, வீணாக்க மனசு வருமுங்களா? எல்லாத்தையும் மாட்டுக்குப் போட்டுட்டமுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அதுக்கென்னங்க... மாடு நல்லாத் தின்னுச்சுங்களா?"