யாருக்கு என்ற கட்டம்

ஜஸீலா வீட்டுக்கு மீன் ஆய்ந்து கொடுப்பது முருகேஸ்வரி. ஏலத்தில் எடுத்ததைக் கூடையோடு கொண்டுவந்து, அடுப்படியில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். பக்கத்து மேசையில் ஜஸீலாவின் லேப்டாப். கீழக்கரையில் அந்த அடுப்படிதான் அவளுக்கு ஆபீசும். கூடத்தில் நெட் நிற்காது.

சென்னைக் கம்பெனி ஒன்றுக்காகக் கேள்வி கேட்பது அவள் வேலை. வெளிநாட்டுக் கிளையண்ட் ஒரு மென்பொருள் கேட்டால், உண்மையில் என்ன வேண்டும், யார் பயன்படுத்துவார்கள் என்று விசாரித்து எழுதித் தர வேண்டும். அவள் எழுதியதைத்தான் செய்வார்கள். எழுதாதது இல்லாததுதான். புருஷன் கத்தாரில், இவள் இந்த மேசையில் என்று பதினோரு வருஷம். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டதில்லை என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன தையில் வந்தது படகு வேலை. கடலில் காற்று மாறினால் எச்சரிக்கை போகும். படகில் வைத்த பெட்டி அதை வானத்துச் சாட்டிலைட்டிலிருந்து வாங்கி, பதிந்திருக்கும் போனுக்குக் கொடுக்கும். போன் பக்கத்தில் இருந்தால் அலறும். உள்ளூர்க்காரி என்று ஜஸீலாவையே விசாரிக்க அனுப்பினார்கள். தம்பி சஃபீரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஜெட்டிக்குப் போனாள். சங்கத்து அறையில் நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள். படகு முதலாளிகள் வரிசையாகப் பேசினார்கள்.

"எங்கிட்டக் கேளுங்கம்மா. நான் சொன்னா படகே சொன்ன மாதிரி" என்றார் அலியார்.

கடலுக்குப் போகிறவர்கள் வெளியே வெயிலில் நின்றார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவே எழுந்து போக அவளுக்குக் கூச்சம். 'யாருக்கு' என்ற கட்டத்தில் முதலாளிகள் கொடுத்த அவரவர் போன் எண்களை எழுதினாள். அந்த போன் படகில் இருக்குமா என்று கேட்கவில்லை. கிளையண்ட் மூன்று முறை படித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் ஊரில் படகு யாருடையதோ அவரே ஓட்டுவார்.

இன்று பத்தே முக்காலுக்குத் திரையில் சிவப்பு விழுந்தது.

"காத்து திரும்புதாம் முருகேஸ்வரி. பயப்படாத, ஒங்க வீட்டுக்காரருக்குப் பெட்டி சொல்லிருக்கும்."

முருகேஸ்வரியின் புருஷன் தனுஷ்கோடி, அலியாரின் படகை ஓட்டுகிறவன். விடியலில் போயிருந்தான்.

"அவருகிட்ட இருக்கறது பட்டன் போனுக்கா. அதக் காட்டுனா பெட்டியே சிரிக்கும். மொதலாளி போனத்தான பதிஞ்சிருக்காக. அவுக உம்ராவுக்கு மக்கா போயி மூணு நாளாச்சு."

ஜஸீலா பட்டியலை இறக்கிப் பார்த்தாள். பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நாற்பத்தொரு படகு. போனில் திறந்து பார்த்தவர், ஒருவருமில்லை.

"வயர்லெஸ்ல கூப்பிட்டுச் சொல்லுவாங்கள்ல?"

"முன்ன சொல்லுவாக. எதுக்கு ரெண்டுன்னு போன வாரம் செட்டக் கழட்டிட்டாக. இப்பத்தான் பெட்டி வந்துருச்சே."

கடலோரப் போலீசுக்கு அடித்தாள். ஒவ்வொரு படகின் எண்ணாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பிறகு சென்னையில் தனக்கு மேலே இருக்கும் ராம்குமாரைப் பிடித்தாள்.

"நீங்க எழுதினபடிதான மேடம் செஞ்சிருக்கு? மாத்தணும்னா ரிக்வெஸ்ட் போடுங்க. கிளையண்டுக்கு இன்னிக்கு லீவு. திங்கக்கிழமை பார்ப்பாங்க."

"ராம்குமார், ஆளுங்க கடல்ல இருக்காங்க."

"புரியுது மேடம். அதையும் ரிக்வெஸ்ட்ல எழுதுங்க."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. முருகேஸ்வரி கையைக் கழுவிவிட்டு மேசைக்கு அருகில் வந்து நின்றாள். திரையில் இரண்டாவது எச்சரிக்கையும் நாற்பத்தொரு பெட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"அப்ப இப்ப அவருக்கு யாருக்கா சொல்லுவா?"

ஜஸீலா அலியாரின் எண்ணை அழுத்தினாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. முருகேஸ்வரி அது முடியும்வரை கேட்டாள். பிறகு ஈரக் கையை முந்தியில் துடைத்துக்கொண்டே அடுப்படியை விட்டு ஜெட்டியைப் பார்க்கப் போனாள்.